மாப்பிள்ளையைத் தின்ற அட்டை

பிரேம் கடைக்காரருக்கு எங்கள் தெருவில் வழங்கும் பெயர் ‘அரை மில்லி’. அவர் காதில் விழும்படி யாரும் சொல்வதில்லை. ஆனால் அவருக்கும் தெரியும், உள்ளுக்குள் அதில் ஒரு பெருமையும் உண்டு. எதிர்வீட்டுக் கூடத்தில் தொங்கும் படத்தைத் தெருவில் நின்றபடியே பார்த்து, “இடது பக்கம் அரை மில்லி இறங்கியிருக்கு” என்பார். ஏணி போட்டு அளந்தால் இறங்கித்தான் இருக்கும். ஒருமுறை மருந்துக்கடை அம்மா புருவம் திருத்திக்கொண்டு வந்தபோது, நலம்கூட விசாரிக்காமல், “வலது புருவம் அரை மில்லி தூக்கல்” என்றாராம். அன்றிலிருந்து அந்த அம்மா பிரேம் கடையைத் தாண்டும்போது நெற்றியில் முடியை இழுத்துவிட்டுக்கொண்டுதான் தாண்டுகிறார்.

இப்பேர்ப்பட்டவருக்கு மனைவியின் தம்பி வேலைக்கு வந்து சேர்ந்தான். அவர் அவனை ‘மச்சான்’ என்று கூப்பிட்டார். அதைக் கேட்டுக் கடைக்கு வருகிறவர்கள் மச்சான் என்றார்கள், கொரியர்காரர் மச்சான் என்றார், கடைசியில் தெரு முழுக்க அவனுக்கு மச்சான் என்றே ஆகிவிட்டது. பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். கேட்டால் அவனே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வான்.

ஒரே ஒருத்திதான் அப்படிக் கூப்பிடமாட்டாள், பக்கத்துத் தையல் கடைக்காரி. அவளுக்குத் தெரு வைத்த பெயர் பாபின், தையல் மிஷினுக்குள் நூல் சுற்றிக் கிடக்குமே அந்தக் குட்டி உருளை. ஆள் குட்டை, எந்நேரமும் சுழற்சி, வாயில் நூல் தீர்ந்து யாரும் பார்த்ததில்லை. கல்யாணமாகாத பெண், கல்யாணமாகாத ஆணை மச்சான் என்று கூப்பிட்டால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘அண்ணே’ என்று கூப்பிட்டு விஷயத்தை முடித்துக்கொள்ளலாம் அல்லவா? அதையும் செய்யமாட்டாள். “ஏங்க, பக்கத்துக் கடை!” என்பாள். அண்ணனும் இல்லாமல் மச்சானும் இல்லாமல் ஒருத்தி வருஷக்கணக்காக ஓர் ஆண்பிள்ளையைப் ‘பக்கத்துக் கடை’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் சும்மா இருக்க முடியுமா? நாங்கள் இருக்கவில்லை.

மச்சானுக்கு அந்தப் பட்டறையில் கொடுத்த வேலை கண்ணாடி துடைப்பது, பின்பலகைக்கு ஆணி அடிப்பது, படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டுவது. நடுவில் டியூப் லைட்டுக்குக் கீழே பச்சை விரிப்புப் போட்ட வெட்டு மேசை இருக்கிறதே, அதன் பக்கம் போகக்கூடாது. அதில் ஸ்டீல் ஸ்கேலும் கட்டரும் இருக்கும் இடம்கூட மாறக்கூடாது. அவன் தெரியாத்தனமாக டீ கிளாஸை அதன்மேல் வைத்துவிட்ட அன்று அரை மில்லி போட்ட சத்தத்தில் எங்கள் வீட்டுப் பால் பொங்கிவிட்டது. எங்கள் சமையலறை ஜன்னலும் அவர்கள் பட்டறை ஜன்னலும் எதிரெதிரே. காதை மூடிக்கொண்டு சமைக்க முடியுமா?

ஆகவே புருஷன் பெண்டாட்டி போட்டுக்கொண்ட ஒப்பந்தமும் என் காதில் விழுந்தது.

“உன் தம்பி கண்ணாடி துடைக்கிறான், ஒத்துக்கிறேன். ஆணி அடிக்கிறான், ஒத்துக்கிறேன். வெட்டு மேசைப் பக்கம் மட்டும் அவன் வரக்கூடாது.”

“இப்படியே கண்ணாடியைத் துடைச்சிட்டிருந்தா அவன் எப்பங்க வெட்டக் கத்துக்கிறது?”

“அதுக்கு உடம்புல ஒரு நேர்கோடு வேணும்ல? அவன் வகிட்டைப் பாத்திருக்கியா? ஆறு ஓடுற மாதிரி ஓடுது.”

“என் தம்பி வகிட்டுக்கு வந்துட்டீங்களா? உங்களுக்கு வகிடு எடுக்க முடி இருக்கா முதல்ல?”

அரை மில்லி வழுக்கையைத் தடவிக்கொண்டார். பிறகு கறாராகச் சொன்னார்: “சரி. அடுத்து வர்ற பெரிய ஆர்டர் அவன் கையால. நல்லா வந்தா வெட்டு மேசை அவனுக்கு. இல்லேன்னா உங்க அண்ணன் டைல்ஸ் குடோனுக்கு அனுப்பிடு. டைல்ஸ் எல்லாம் கம்பெனியிலேயே ஒரே அளவா வெட்டித்தான் வரும். உன் தம்பிக்கு அதுதான் தோது.”

அந்த அண்ணன், அதாவது மச்சானுக்கும் அவன் அக்காவுக்கும் மூத்தவர், குடோன் வைத்திருப்பது வேறு ஊரில். மூட்டை சுமக்க ஆள் வேண்டும் என்று மாதம் தவறாமல் ஃபோன் செய்கிறவர். போனால் மச்சான் அங்கேயே தங்கிவிடவேண்டியதுதான். வேறு ஊரிலிருந்து பாபினுக்குப் பக்கத்துக் கடையாக இருக்க முடியாது. அவன் கவலை அதுதான். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ஒரே கண்ணாடியை, தையல் கடைப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, எவ்வளவு நேரம் துடைத்தான் என்று பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதும் இல்லை.

அந்தப் பெரிய ஆர்டர் தெருமுனைப் பல் டாக்டரிடமிருந்து வந்தது. டாக்டர் நோயாளிகள் காத்திருக்கும் அறையைப் புதுப்பித்திருந்தார். வருஷம் தவறாமல் அவர் குடும்பம் ஒரே ஸ்டூடியோவில், ஒரே மாதிரி நின்று எடுத்துக்கொண்ட படங்கள், எல்லாம் ஒரே அளவு. அவற்றை வருஷ வரிசைப்படி சுவர் நெடுகத் தொங்கவிடவேண்டும். முதல் படத்தில் டாக்டருக்குத் தலை நிறைய முடி, கடைசிப் படத்தில் மடி நிறையப் பேரப்பிள்ளை. எந்தப் படத்தை எடுத்தாலும் இடது ஓரத்தில் ஸ்டூடியோக்காரரின் சிமெண்ட் பூந்தொட்டி, வலது ஓரத்தில் டாக்டருடைய தங்கை புருஷன், அதாவது வீட்டு மாப்பிள்ளை. முறைப்படி மாப்பிள்ளையை நடுவில்தான் உட்காரவைத்திருக்கவேண்டும். ஆனால் ஆள் நெட்டை. பின்னால் இருப்பவர்களை மறைக்கிறார் என்று முதல் வருஷம் ஓரத்தில் நிறுத்தினார்கள். நின்றவர் நின்றவர்தான். சிரித்த முகமாகத்தான் நிற்பார், ஆனால் அது எப்படிப்பட்ட சிரிப்பு என்று கூர்ந்து பார்த்தால் தெரியும்.

இந்த மாதிரிப் படங்களுக்குச் சட்டத்துக்கும் படத்துக்கும் நடுவே நான்கு பக்கமும் கரை கட்டினதுபோல் ஓர் அட்டைப் பட்டை வரும். மவுண்ட் என்பார்கள். படத்தின் ஓரம் ஒரு துளி அந்தப் பட்டைக்கு அடியில் போகும். பட்டை அகலமானால் படம் குறையும், அவ்வளவுதான் சூட்சுமம். டாக்டர் கேட்டது வெண்ணெய் நிறப் பட்டை, எல்லாப் படத்துக்கும் ஒரே அகலம்.

அந்தச் சமயம் பார்த்து அரை மில்லிக்கு வெளியூரில் ஒரு ஹோட்டல் முழுக்கப் படம் மாட்டும் வேலை வந்தது. கிளம்புவதற்குமுன் முழு அட்டையிலிருந்து நீளமாக ஒரு பட்டையைத் தன் கையால் வெட்டி மேசைமேல் வைத்தார்.

“இதோ பாரு மச்சான். ஒரு படத்துக்கு இப்படி ஒரு நீளப் பட்டை. அதை நாலா நறுக்கி, மூலையைச் சாய்ச்சு வெட்டிச் சேர்க்கணும். இதே மாதிரி வெட்டு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.”

“அப்படியே வெட்டிடறேன் மாமா.”

அப்படியேதான் வெட்டினான். மாமா கொடுத்த பட்டையை அட்டைமேல் வைத்து, அதன் ஓரமாகப் பென்சிலால் கோடு இழுத்து, கோட்டுக்கு வெளியே ஸ்கேலை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு கட்டரை இழுத்தான். அசல் மாதிரியே ஒரு பட்டை வந்தது. மாமாவின் பட்டையை நறுக்கி முதல் படத்துக்குப் போட்டு, கண்ணாடி வைத்து, பின்பலகையில் ஆணியும் அடித்துவிட்டான். இரண்டாவது பட்டையை வைத்து மூன்றாவதை வெட்டினான். மூன்றாவதை வைத்து நான்காவதை. ஒவ்வொன்றையும் நறுக்குவதற்குமுன், முந்தினதையும் புதியதையும் ஒன்றாகச் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்த்தான். நகம் எங்கேயும் தடுக்கவில்லை. பெருமை தாங்கவில்லை அவனுக்கு.

“ஏங்க, கொஞ்சம் ஓடி வாங்க!”

பாபின் வாயில் குண்டூசியோடு வந்து நின்றாள்.

“இந்த ரெண்டு பட்டைக்கும் வித்தியாசம் தெரியுதா?”

குண்டூசியை எடுத்துவிட்டுப் பார்த்தாள். “தெரியலையே.”

“தெரியாது!”

“இதுக்கா ஓடி வரச் சொன்னீங்க பக்கத்துக் கடை? அங்க ஒரு அம்மா ஒத்தைக் கையில்லாத சட்டையோட நிக்கிறாங்க.”

சொன்னாளே தவிர உடனே போகவில்லை. வெட்டின துணுக்குகளை மேசையடியிலிருந்து பொறுக்கி, “இது காலருக்கு உள்ளே வைக்க நல்லாயிருக்கும்” என்று எடுத்துக்கொண்டு நிதானமாகத்தான் போனாள். ஒற்றைக் கை சட்டை அம்மா தெருவில் வந்து எட்டிப்பார்த்ததை நானும் பார்த்தேன்.

அரை மில்லி ஊரிலிருந்து திரும்பினபோது படங்கள் எல்லாம் வரிசை மாறாமல் அடுக்கியிருந்தன. செருப்பைக்கூடக் கழற்றாமல் மேலிருந்து இரண்டை எடுத்துச் சேர்த்துவைத்துப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். அடுத்த இரண்டு. நடுவிலிருந்து இரண்டு. மச்சான் துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தான். கடைசியில் அரை மில்லி “ம்” என்றார். அவர் வாயிலிருந்து வரும் ‘ம்’ என்பது மற்றவர்கள் மாலை போடுவதற்குச் சமம். அக்கா அன்றைக்கு எல்லோருக்கும் சர்க்கரை கூடப் போட்டு டீ கொடுத்தாள். தையல் கடைக்கும் ஒரு கிளாஸ் போனது.

படங்கள் சுவருக்குப் போயின. விபரீதம் அங்கேதான் வெளியே வந்தது.

டாக்டரிடம் சீட்டுக் கொடுக்கும் பெண்ணுக்கு அந்தச் சுவரைத் தவிரப் பார்ப்பதற்கு வேறு ஒன்றும் கிடையாது. அவள்தான் முதலில் கண்டாள். முதல் படத்தில் மாப்பிள்ளை பாக்கெட்டில் கைவிட்டபடி முழுசாக நிற்கிறார். நாலைந்து படம் தள்ளிப் போனால் முழங்கையைக் காணோம். இன்னும் தள்ளினால் பாக்கெட்டில் விட்ட கையே போச்சு. நடுச்சுவரில் தோள் போச்சு. அதற்கப்புறம் காது. கடைசிப் படத்தில் பாதி மூக்கும் பாதி மீசையுமாக, கதவிடுக்கில் யாரையோ வேவு பார்க்கிறவர் மாதிரி நிற்கிறார். இந்தப் பக்கம் பூந்தொட்டியும்தான் அதே கணக்கில் தேய்ந்திருந்தது. ஆனால் பூந்தொட்டிக்குக் கோபித்துக்கொள்ள மாமியார் வீடு கிடையாது.

அந்தப் பெண் யாரிடம் என்ன சொன்னாள் என்பது பிறகு வரும். அடுத்தடுத்த நாட்களில் தெருவுக்குத் தெரிந்த விஷயம் இதுதான்: பல் டாக்டர் வீட்டில் மாப்பிள்ளையை ஒதுக்கிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு அப்போது கடைவாய்ப் பல் வலி வேறு. கன்னம் ஒரு பக்கம் உப்பிக் கிடந்தது. சொந்த மச்சானே பல் டாக்டராக இருக்க, வந்து நாற்காலியில் சாய்ந்தால் முடிந்தது. ஆனால் சேதி காதுக்குப் போனதும் மனுஷன் நேரே கிளினிக்குக்கு வந்தார், சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்த்தார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

“வாங்க மாப்பிள்ளை, உள்ள வாங்க. பல்லைப் பாத்துடலாம்” என்றார் விஷயம் தெரியாத டாக்டர்.

“பரவால்ல டாக்டர்.”

டாக்டர்! கல்யாணமான நாளிலிருந்து ‘மச்சான்’ என்று கூப்பிட்ட வாய். அறையில் காத்திருந்தவர்கள் தங்கள் பல் வலியை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்களாம்.

அன்றைக்கே டாக்டர் பிரேம் கடைக்கு வந்தார். கையில் முதல் படமும் கடைசிப் படமும்.

“என் தங்கச்சி ஃபோன்ல அழறா. ‘எங்க வீட்டுக்காரரைக் குடும்பத்துல இருந்தே எடுத்துட்டியா அண்ணே’ன்னு கேக்கறா. டியூஷன் டீச்சர் சொன்னாங்களாம். என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?”

அரை மில்லி இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஸ்கேலை எடுக்கத் தேவையே இல்லை. கடைசிப் படத்தின் பட்டை, முதல் படத்தைவிட ஒரு விரல் அகலம் கூட. அவர் முகம் போன போக்கை ஜன்னல் வழியாகப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

“ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். மாப்பிள்ளை வர்றதே சந்தேகம். வந்தார்னா, அந்தச் சுவத்துல அவர் முழுசா இருக்கணும்” என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

அப்புறம் பட்டறையில் நடந்ததை எல்லா ஜன்னல்களும் கேட்டன.

“கை நடுங்கியிருக்கு உனக்கு!”

“இல்ல மாமா. ஒவ்வொண்ணையும் முந்தினதோட வெச்சுப் பாத்தேன். நகம்கூடத் தடுக்கல. அப்படியேதான் வெட்டினேன்.”

“அப்படியே வெட்டினா இது எப்படி வந்துச்சு? ராத்திரியில அட்டை குட்டி போட்டுச்சா?”

அக்கா குறுக்கே புகுந்தாள். “நீங்களுந்தானே எடுத்து எடுத்துப் பாத்து ‘ம்’முன்னீங்க?”

அரை மில்லி கடைசிப் படத்தை மறுபடி கையில் எடுத்தார். அதுதான் அவரை அதிகம் குடைந்தது. தன் கண் முன்னால் கடந்துபோன தப்பு! குடைச்சல் முழுக்கக் கோபமாகத்தான் வெளியே வந்தது. “சனிக்கிழமை சாயங்காலம்வரை டைம். என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியணும், எல்லாம் சரியாகவும் ஆகணும். இல்லேன்னா ஞாயித்துக்கிழமை மூட்டையைக் கட்டு. குடோன்ல உன் அண்ணன் காத்திட்டிருக்காரு.”

மச்சான் வெளியே வந்து படியில் உட்கார்ந்தான். பாபின் மிஷினை நிறுத்தினாள். அவள் மிஷின் நின்றால் தெருவுக்கே காது கேட்காத மாதிரி இருக்கும்.

“ஏங்க, இப்படி உக்காந்தா ஆச்சா? அந்த டீச்சருக்கு யார் சொன்னாங்கன்னு போய்க் கேளுங்க. அட்டை கொஞ்சம் மறைச்சதுக்கு இவ்வளவு பெரிய பேச்சு எப்படி வந்துச்சு?”

“அதைக் கேட்டு என்ன ஆகப்போகுது?”

“டாக்டர் தங்கச்சிகிட்டயாவது சொல்லலாம்ல, யாரும் வேணும்னு பண்ணலைன்னு. போங்க. சும்மா உக்காந்து என் கடை வாசலை மறைக்காதீங்க.”

போனான். டியூஷன் டீச்சர் மாப்பிள்ளையின் பேத்திக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். “‘மாப்பிள்ளையைக் குடும்பத்துல இருந்தே எடுத்துட்டாங்க’ன்னு சொன்னேன். நானா சேர்த்து ஒண்ணும் சொல்லலப்பா. கேட்டதை அப்படியே சொன்னேன்” என்றார். யாரிடம் கேட்டீர்கள் என்றதற்கு, என் வீட்டுக் கதவைக் காட்டிவிட்டார்.

என்னிடம் வந்தான். நான் மறைக்கவில்லை. “அவங்க மாப்பிள்ளையை வெட்டி விட்டுட்டாங்கன்னுதாம்ப்பா நான் சொன்னேன். குடும்பம் கிடும்பம்னு என் வாயில வரவே இல்ல. மருந்துக்கடை அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன்” என்றேன். உண்மை அதுதான்.

மருந்துக்கடை அம்மா நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டே சொன்னார்: “ ‘மாப்பிள்ளையை வேணும்னே படத்துல வெட்டியிருக்காங்க’ன்னேன். விட்டுட்டாங்கன்னெல்லாம் நான் சொல்லவே இல்லையே? இஸ்திரிக்காரர் சொன்னதை அப்படியே இல்ல சொன்னேன்?”

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “வெட்டினாங்கன்னா? ‘மாப்பிள்ளையைப் படத்துல மறைச்சுட்டாங்க’ன்னு சொன்னேன் மச்சான். அந்தச் சீட்டுப் பொண்ணு சொன்னதை அப்படியே சொன்னேன். ஆனா ஒண்ணு சொல்றேன், அந்த அட்டை இருக்கே, அது ரத்தம் குடிக்கிற அட்டை. உறிஞ்சி உறிஞ்சி மனுஷனைப் பாதியாக்கிடுச்சு.”

கடைசியாகச் சீட்டுக் கொடுக்கும் பெண். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. “ ‘வரவர இந்தப் படங்கள்ல மாப்பிள்ளை லேசா மறையற மாதிரி இருக்காரே’ன்னேன் அண்ணே. வேற ஒண்ணுமே சொல்லல.”

மச்சான் சுவரைப் பார்த்தபடி அங்கேயே நின்றுவிட்டானாம். அந்தப் பெண் பிறகு சொன்னது: “உதட்டுக்குள்ளேயே என்னமோ முணுமுணுத்தார். ‘அப்படியே, அப்படியே, அப்படியே’ன்னு. எனக்குப் பயமாயிடுச்சு.” ஐந்து பேர். ஒவ்வொருவரும் தனக்கு முந்தினவர் சொன்னதை அப்படியேதான் சொன்னார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நகம்கூடத் தடுக்காது. முதல் பேச்சையும் கடைசிப் பேச்சையும் சேர்த்து வைத்தால்தானே ஒரு குடும்பமே உடைகிற அளவுக்கு இடைவெளி!

அவன் ஓடினான். மச்சான் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தோம். பட்டறைக்குள் நுழைந்ததும் டாக்டர் விட்டுப்போன முதல் படத்தைக் கவிழ்த்து ஆணியைப் பிடுங்கினான்.

“என்னடா பண்றே?” என்று அரை மில்லி பதறினார்.

“மாமா, நீங்க வெட்டின பட்டை இதுக்குள்ள இருக்கு. இதை வெச்சு நான் வெட்டினது ஒண்ணே ஒண்ணுதான். மத்ததெல்லாம் முந்தினதை வெச்சு வெட்டினேன். கோடு போட்டுக் கோட்டுக்கு வெளியே வெட்டினேனா? கோட்டோட தடிமன் பட்டைக்கு வந்துடுச்சு. அதை வெச்சு அடுத்தது போட்டா அதுக்கு இன்னொரு கோடு. அதுக்கும் அடுத்தது இன்னொண்ணு. முந்தினதுக்கும் பிந்தினதுக்கும் நடுவுல எப்பவும் ஒரே ஒரு பென்சில் கோடுதான் வித்தியாசம்.”

அரை மில்லி பென்சிலை எடுத்து ஓர் அட்டையில் கோடு இழுத்தார். குனிந்து பார்த்தார். அந்தக் கோடு அரை மில்லிக்குக் கொஞ்சம் குறைவு.

அக்காதான் சிரித்தாள். “அதான் உங்க கண்ணுக்குத் தப்பிச்சிருக்கு! அரை மில்லியா இருந்தா புடிச்சிருப்பீங்க.”

ஆக, அந்தப் பெயர் வீட்டுக்குள்ளும் புழக்கத்தில் இருக்கிறது என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதற்குமேல் நடந்ததில் மச்சான் யாரையும் கேட்கவில்லை. பரணிலிருந்து ஒரு நேரான மரக்கட்டையை எடுத்து வெட்டு மேசையின் ஒரு பக்கமாகத் திருகாணி போட்டு முடுக்கினான். அந்த மேசையில்! திருகாணி! அரை மில்லி இரண்டு கையையும் இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், அவற்றை நம்பாதவர் மாதிரி. கட்டைக்கு ஒட்டினாற்போல் மாமாவின் பட்டையை வைத்து, அதன் மறு ஓரத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து இரண்டு முனையிலும் இறுக்கினான். பிறகு பட்டையை உருவி எடுத்தான். இனி எந்தப் பட்டையும் கட்டையில் முட்டி நிற்கும், கட்டர் ஸ்கேலை ஒட்டி ஓடும். பென்சிலுக்கு வேலையே இல்லை. அதை எடுத்துக் காதில் செருகிக்கொண்டான், தொலைந்து போகட்டும் என்கிற மாதிரி.

புது அட்டைகூடத் தேவைப்படவில்லை. அகலம் கூடிப்போனதைச் செதுக்கினால் போதும். பட்டையின் உள்பக்க ஓரத்தைத்தான் செதுக்கவேண்டும், மூலைச் சேர்ப்பு கெடாது. கிளினிக்கிலிருந்து எல்லாப் படங்களையும் இறக்கிக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, பட்டையைக் கட்டையில் முட்டவைத்துச் செதுக்கினான். இரண்டாவது படத்துக்குத் தலைமுடி மாதிரி ஒரு துணுக்கு விழுந்தது. அப்புறம் நூல் மாதிரி. அப்புறம் ஷூ லேஸ் மாதிரி. கடைசிப் படத்துக்கு ரிப்பனே விழுந்தது. மாப்பிள்ளை அட்டைக்கு அடியில் பத்திரமாகத்தான் இருந்தார். மூக்கு வந்தது, காது வந்தது, தோள் வந்தது, பாக்கெட்டில் விட்ட கை வந்தது. இந்தப் பக்கம் பூந்தொட்டியும் வந்தது, யாரும் கவனிக்கவில்லை.

பாபின் துணுக்குகளை வாங்க வந்தவள், அவற்றைத் தரையில் அகல வரிசைப்படி அடுக்கிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“இந்த ரிப்பன் சைஸ் இருக்கே, இது மருந்துக்கடை அம்மா.”

“அது டீச்சருங்க. மருந்துக்கடை அம்மா அந்த ஷூ லேஸ்.”

“அப்ப எதிர்வீட்டு ஜன்னல்?”

இரண்டு பேரும் சேர்ந்து என் ஜன்னலைப் பார்த்தார்கள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அரை மில்லி மச்சானோடு கிளினிக்குக்குப் போனார். இந்த முறை இரண்டிரண்டாகப் பார்க்கவில்லை. முதல் பட்டையின் அளவுக்கே வெட்டின ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதையே ஒவ்வொரு படத்தின்மேலும் வைத்து வைத்துக் கடைசிவரை நடந்தார். ‘ம்’ கூடச் சொல்லவில்லை. திரும்பி வந்து கடையைப் பூட்டும்போது மட்டும், “மச்சான், மேசையில அந்தக் கட்டையைக் கழட்டிடாதே. நாளைக்கு உனக்கு வேணும்” என்றார்.

அக்கா அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி ஃபோனை எடுத்தாள். “அண்ணே, குடோனுக்கு வேற ஆளைப் பாத்துக்க. இல்ல, வரமாட்டான். இல்ல, வெட்டறான். ஆமா, என் வீட்டுக்காரர்தான் சொன்னாரு. நீ மயங்கி விழாதே, உக்காந்துக்க.”

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குமுன் மாப்பிள்ளை கிளினிக்குக்கு வந்தார். பெண்டாட்டி இழுத்துக்கொண்டு வந்தாள் என்றும் சொல்லலாம். கன்னம் இன்னும் வீங்கித்தான் இருந்தது. சுவரின் இந்த முனையிலிருந்து நடக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு படத்துக்கும் நின்றார். எல்லாவற்றிலும் அவர் முழுசாக இருந்தார். நடுச்சுவருக்கு வந்ததும் குனிந்து உற்றுப் பார்த்தார்.

“என்ன மச்சான் இது, இந்த வருஷம் நான் கண்ணை மூடிட்டு நிக்கிறேன். இதை மட்டும் மறைச்சிருக்கலாம்ல?”

‘மச்சான்’ திரும்பி வந்ததில் டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. “அடுத்த வருஷம் நீங்க நடுவுல உக்காருங்க மாப்பிள்ளை. பின்னாடி யார் மறைஞ்சாலும் பரவால்ல” என்று சொல்லி, அந்தச் சூட்டோடு அவரை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கவைத்துவிட்டார். சாப்பாடு மாப்பிள்ளைக்குக் கஞ்சியாகத்தான் கிடைத்தது. ஆனால் மரியாதையோடு கிடைத்த கஞ்சி.

திங்கட்கிழமை காலையில் மச்சான் முதல் தடவையாக வெட்டு மேசைக்குப் பின்னால் நின்றான். வகிடுகூட நேராக எடுத்திருந்தான். கண்ணாடி துடைக்கிற வேலை அரை மில்லிக்கு வந்துவிட்டது. அவரும் துடைத்தார், பத்துத் தடவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் அது நடந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் உள்ள நேரம். இஸ்திரிக்காரர் பெட்டியில் கங்கு போட்டுக்கொண்டிருந்தார், மருந்துக்கடை அம்மா ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார், நான் ஜன்னலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தையல் கடையிலிருந்து பாபினின் குரல், குண்டூசி இல்லாத வாயிலிருந்து தெளிவாக:

“மச்சான்! காலருக்குத் துணுக்கு இருந்தா கொஞ்சம் எடுத்து வைங்க!”

கங்கு கீழே விழுந்தது. ஷட்டர் பாதியில் நின்றது.

தெருவே கூப்பிடுகிற பேர்தான். அவளும் தெருவோடு சேர்ந்து கூப்பிட்டாள் என்று வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். அந்தச் ‘சா’வை அவள் எவ்வளவு நீட்டினாள் என்பதில் எங்களுக்குள் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. நான் கேட்டதைக் கேட்டபடி டியூஷன் டீச்சரிடம் சொன்னேன். மத்தியானத்துக்குள் அவர்கள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை முடிந்துவிட்டதாம். டீ நேரத்துக்குள் நாள் குறித்தாகிவிட்டது. சாயங்காலம் கொரியர்காரர் மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கி, மண்டபம் எது என்று கேட்டார்.

மச்சான் கட்டரை மேசையிலேயே போட்டுவிட்டுத் தையல் கடை வாசலுக்கு ஓடினான்.

“ஏங்க, சத்தியமா நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலைங்க. நீங்க கூப்பிட்டதை வெச்சு ஆளாளுக்கு அகலமாக்கிட்டாங்க. இப்பவே ஒவ்வொரு வீடாப் போய்ச் சொல்லிட்டு வர்றேன், முதல்ல நீங்க சொன்னது வெறும்...”

பாபின் மிஷினிலிருந்து காலை எடுக்கவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை. தைத்துக்கொண்டிருந்த காலரைத் திருப்பி, உள்ளே ஒரு ரிப்பன் அகலத் துணுக்கைச் செருகினாள்.

“எதுக்கு வெட்டிக்கிட்டு? அப்படியே இருக்கட்டும் விடுங்க” என்றாள்.